சேர்த்தி நாளில் போட்ட சொட்டு மருந்து

பங்குனி வெயிலில் காவிரி மணலுக்கு ஒரு வாசனை உண்டு. சூடான தூசியும், அடியில் எங்கோ மிச்சமிருக்கும் ஈரமும் கலந்த வாசனை. டவுன் பஸ் பாலத்தில் ஏறியதும் அது ஜன்னல் வழியே உள்ளே வந்தது...

என் மகள் மைதிலி அந்த ஆண்டை 2010 என்றே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. 2009. சர்வதாரி ஆண்டு முடியச் சில நாட்களே இருந்தன. புதன்கிழமை.

நாங்கள் மூவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவி கோமளத்துக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா, கூடாதா என்று தெரிந்துகொள்வதற்காக.

கோமளம் மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள். சோடாபுட்டி கனம். அதைப் பற்றி அவளுக்கு வேறெந்த வருத்தமும் இல்லை, ஒன்றைத் தவிர.

ஆண்டில் ஒரே ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று, ஸ்ரீரங்கம் கோவிலில் உற்சவர் நம்பெருமாளும் தாயாரும் சேர்ந்து எழுந்தருளியிருப்பார்கள். அந்தத் தரிசனத்துக்குச் சேர்த்தி சேவை என்று பெயர். கூட்டத்தின் வெக்கையில் கோமளத்தின் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் "நகருங்கோ, நகருங்கோ" என்று வரிசை அவளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தடவைகூட முழுசாகச் சேவித்ததில்லை என்பது அவளுடைய குறை.

சென்னையில் வேலை பார்த்த மைதிலி தனக்கு லேசர் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டிருந்தாள். அடுத்தது அம்மா என்று அவளே நாள் குறித்தாள்.

"அன்னிக்குப் பங்குனி உத்திரம்டி" என்றேன்.

"எனக்கு லீவு அன்னிக்குத்தாம்பா. கார்த்தால டெஸ்ட், சாயங்காலம் கோவில். என்ன கஷ்டம்?"

எங்கள் யாருக்கும் அதில் கஷ்டம் தெரியவில்லை.

மருத்துவமனையில் ஏ.சி.யின் குளிர். ஒவ்வொரு இயந்திரமாக முகவாயை வைக்கச் சொன்னார்கள். பிறகு, கண்மணியை விரியவைத்துப் பார்ப்பதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து. கோமளம் கண்களை மூடிக்கொண்டு, ஏதோ பாட்டுக் கேட்பவளைப் போல அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்...

டாக்டர் நடுவயதுப் பெண்மணி, கழுத்தில் சின்னச் சிலுவை. நிதானமாகப் பேசினார்.

"கருவிழி கொஞ்சம் மெல்லிசா இருக்கும்மா. பவரும் ஜாஸ்தி. பண்ணவே முடியாதுன்னு சொல்லலை, ஆனா எனக்கு அவ்வளவா மனசில்லை. இன்னொண்ணு... இப்ப கண்ணாடியைக் கழட்டிட்டுத்தானே புஸ்தகம் படிக்கறீங்க?"

"ஆமாம். மூக்குக்கிட்ட வெச்சுண்டு."

"லேசர் பண்ணா தூரம் தெளிவாயிடும். ஆனா உங்க வயசுக்கு, படிக்கறதுக்குக் கண்ணாடி வந்துடும். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை."

கோமளம் தலையாட்டினாள். பிறகுதான் கேட்டாள்: "இந்த மங்கல் எப்போ சரியாகும் டாக்டர்?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும். சிலருக்கு நாளைக்கும்."

"ஐயையோ... சாயங்காலம் சேர்த்தியாச்சே!"

மைதிலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்தார். "அதுக்கென்னம்மா, சாமி உங்களைப் பாப்பார்ல?"

"அவர் பாக்கறது இருக்கட்டும் டாக்டர், நான்னா பாக்கணும்!"

மாலையில் தாயார் சந்நிதி வரிசையில், மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியுடன் நின்றாள் கோமளம்.

"என்ன மாமி, கூலிங் கிளாஸ் எல்லாம் ஜோரா இருக்கு!" என்றாள் பின்னால் நின்ற அடுத்த வீட்டுப் பெண்.

"பெருமாள் ஜொலிப்புல கண் கூசறதுடி" என்றாள் கோமளம். வேடிக்கையாகச் சொன்னாலும், அந்த ஆண்டும் போயிற்று என்ற வருத்தம் எனக்குப் புரிந்தது.

சந்நிதிக்கு எதிரே வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். தன் கண்ணாடியை எடுக்கவில்லை. வெறும் கண்ணோடு நின்றாள்.

நான் அவள் காதருகே குனிந்தேன். "கோமளம், இதோ, இந்தப் பக்கம் பெருமாள். அந்தப் பக்கம்..."

"சொல்லாதேங்கோ."



வெளியே வந்து பிராகாரக் காற்றில் நின்றபோதுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. "விளக்கெல்லாம் தாமரை மாதிரி பெரிசு பெரிசா விரிஞ்சிருந்தது. அவா ரெண்டு பேராவே தெரியலை... ஒரே வெளிச்சமா இருந்தா."



மறுநாள் காலை மைதிலி கேட்டாள். "என்னம்மா முடிவு? இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"வேண்டாம்டி. அந்த அம்மாவே தயங்கினா. கண் விஷயம். அதோட, படுத்துண்டு புஸ்தகம் படிக்கற சுகத்தை ஏன் விடணும்?"

"சேர்த்தி சேவைக்குத்தானேம்மா இவ்வளவும்!"

"அதான் சேவிச்சாச்சே."

காரணங்கள் நியாயமானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் முந்தின நாள் மாலையிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

காலம் போயிற்று. சென்ற ஆண்டு தை மாதம் கோமளத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். லேசரால் கிடைத்திருக்க வேண்டிய தூரப்பார்வை, வயோதிகத்தால் கிடைத்தது. படிப்பதற்கு மட்டும் இப்போது மெல்லிய கண்ணாடி.

அந்தப் பங்குனியில் சேர்த்தி சேவைக்குப் போனோம். கம்பித் தடுப்புகள், தலைக்கு மேல் உயர்த்திய செல்போன்கள்... நடுவில் நின்று, பெருமாளின் கிரீடக் கல்லிலிருந்து தாயாரின் மாலைப் பூவரை அவளே எனக்கு வர்ணித்துக்கொண்டு வந்தாள்.

"நன்னா சேவிச்சியா?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ரொம்ப நன்னா. துல்லியமா இருந்தது. அவர் தனியா, அவ தனியா..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

இப்போது என் முறை. எனக்கும் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. தெருவிளக்குகள் எல்லாம் பூத்துப் பூத்துத் தெரிகின்றன. மாசியிலேயே அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். தேதி விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும்,

பங்குனி உத்திரம் கழியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன்.