வீடியோவை அழிக்க மாட்டேன்

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் மெஷின் சிக்கினால், குமார் அண்ணன் வரும்வரை யாரும் கை வைக்க மாட்டோம்.

ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு நிர்வாகப் புத்தகம் படித்துவருகிறேன். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் வேலையறிவு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. சரியென்று, அண்ணனிடம் கேட்டே அவர் மெஷினைச் சரிசெய்வதை வீடியோ எடுத்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

இன்று காலை மெஷின் சிக்கியது. என்னோடு பேக்கிங்கில் நிற்கும் மீனா அக்கா வீடியோவைப் பார்த்து, தானே ஓடவைத்துவிட்டார்.

மதியம் கேன்டீனில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

“டிலீட் பண்ணு லா. எல்லாரும் கத்துக்கிட்டா என்னை யாரு மதிப்பா? புக்கு படிச்சு என் சோத்துல மண்ணு போடுறியா?”

 நான் சொன்னேன்:

“பண்ண மாட்டேன்ண்ணே. உங்க மக கல்யாணத்தன்னிக்கும் மெஷின் சிக்கிடுச்சுன்னு மண்டபத்துக்கு ஃபோன் பண்ணிக் கூப்பிட்டாங்க. அதுவா மரியாதை?”

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

வீடியோ குழுவிலேயே இருக்கிறது. நானும் குழுவிலேயே இருக்கிறேன்.

உங்கள் வேலையிடத்திலும், அவர் வந்தால்தான் வேலை நடக்கும் என்று ஒருவர் இருப்பாரே? பெயர் வேண்டாம், டிபார்ட்மென்ட் மட்டும் சொல்லுங்கள்.