நட்சத்திரக் காற்றும் நாகலூர் டீக்கடையும்

கிழட்டு நட்சத்திரங்கள் ஊதும் காற்று என்ன வடிவத்தில் போகும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் ஆராய்ச்சி. வயதாகிச் சூடு தணிந்த நட்சத்திரங்கள் உப்பிச் சிவந்து, வாயுவும் தூசியுமாக ஊதித் தள்ளும். அது உருண்டையாகப் பரவினால் எனக்கு நிம்மதி, பல நேரம் பரவாது. கணக்கு ஓடி முடியும்வரை நகம் கடித்த சக பாவிகளுக்கு இது புரியும்.

மிளகு விலையும் நானும்

ஏற்காட்டில் என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, காப்பித்தூள், மிளகுக் கடை. அவர் தொழப் போகும்போது லேப்டாப்போடு நான் உட்காருவேன். மிளகு விலை கேட்க வந்த தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், திரையைப் பார்த்து என்ன வேலை என்றார். கையை விரித்து, சுழற்றி, எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்கே தெரியாத காத்துக்கு உருவம் போடச் சம்பளமும் தர்றாங்களா சாமி? நான் நொம்ப வருசமா எஸ்டேட்ல வீணாக் கெடக்கேன்."

நாலு கால் காற்று

தனி நட்சத்திரம் ஒன்றுக்கு மூன்று வாரம் ஓடிய கணக்கில், உருண்டையாக வரவேண்டிய காற்று நாலு கால் நீட்டி வந்தது. கண்டுபிடிப்பு என்றே நம்பி, என் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் படம் அனுப்பினேன். விண்வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். கட்டங்களைச் சாய்த்து வைத்துப் பார் என்றார். சாய்த்தேன், கால்களும் கூடவே சாய்ந்தன. காற்றில் ஒன்றுமில்லை, தப்பெல்லாம் என் நிரலில். போனில் அழாத குறை. அவர் சொன்னது: "நீ கட்டம் போட்டது அந்த நட்சத்திரத்துக்குத் தெரியாதும்மா."

டீக்கடையில் விசாரணை

பிழையைத் திருத்தி, பக்கத்தில் சுற்றும் சின்னத் துணை நட்சத்திரம் ஒன்றையும் சேர்த்துத் திரும்ப ஓட்ட ஆறு மாத நீட்டிப்புக் கேட்டேன். கிடைக்காவிட்டால் நாலு வருட உழைப்பு குப்பைக்கு. அதை முடிவுசெய்யும் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஆன்லைனில் கூப்பிட்ட காலையில் மழை. வீட்டில் நெட் போச்சு. ஸ்கூட்டரை விரட்டி நாகலூரில் சிக்னல் கிடைத்த டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"இத்தனை நாள் பிழை கண்ணில் படலையா?" என்றார் குழுத் தலைவர். "பட்டது சார். கண்டுபிடிப்புன்னு நினைச்சுட்டேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள்; தலைவர் இல்லை. முடிவை மெயிலில் சொல்வதாக முடித்துக்கொண்டார்கள். போண்டாவை மறந்து கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, அந்த நட்சத்திரம் சாக எத்தனை வருசமாகும் என்றார். லட்சக்கணக்கில் என்றேன். "அதுவே அத்தன வருசம் இழுத்துக்கிட்டுக் கெடக்குது. உனக்கு ஆறு மாசம் குடுக்க இவுங்களுக்கு என்ன கண்ணு?"

பையில் ஒரு படம்

கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம், துணை நட்சத்திரம் சுற்றிய சுற்றில் காற்று அழகான சுருளாக வந்தது. கட்டங்களை எந்தப் பக்கம் சாய்த்தும் அசையவில்லை. ஆய்வேடு தேறியது. கடைக்கு ஓடிப்போய் அத்தாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்மா, இத நம்ம காப்பித்தூள் பையில அச்சடிச்சா அந்த நட்சத்திரம் ஒண்ணும் சொல்லாதே?"

எங்கேயோ ஒரு நட்சத்திரம் மூச்சு விட, இங்கே நான் மூச்சு வாங்குகிற உத்தியோகம் இது.