பத்து நிமிஷக் கடல்

பச்சைக் கொழுந்து வாடுற வாசனை தெரியுமா உங்களுக்கு? டீத்தூள் வாசனை இல்லைங்க, அது வேற. வெட்டிப் போட்ட புல்லும் பழுத்த கொய்யாவும் கலந்த மாதிரி ஒண்ணு, மூக்குக்குள்ள போய் உக்காந்துக்கும். நேத்து பக்கத்து வீட்ல புல்லு வெட்டுனாங்க.. அவ்ளோதான், நான் இத்தலார் போய்ச் சேர்ந்துட்டேன்.

அப்ப ஏழாவது படிக்கிறேன். அப்பாவுக்குச் சொந்த ஊரு மேட்டுப்பாளையம், வேலை மலை மேல இத்தலார் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில கிளார்க். கொழுந்து விலை விழுந்த காலம். பறிக்கிற கூலிக்கே கட்டுபடி ஆகலைன்னு பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுட்டாங்க. செடியெல்லாம் ஆளுயரத்துக்கு நின்னுச்சு. ஃபேக்டரி வாரத்துல ரெண்டு நாள் ஓடுனா பெரிசு.

மாடியில கொழுந்து வாட வைக்கிற தொட்டிங்க இருக்கும். ரயில் பெட்டி நீளம். மேல கம்பி வலை, ஒரு முனையில ராட்சச ஃபேன். வலை மேல கொழுந்தைப் பரப்பி அடியில காத்து விடுவாங்க. அந்த வருஷம் பரப்புறதுக்குக் கொழுந்தே இல்ல. சும்மா கெடந்தா மோட்டார் வீணாப் போயிடும்னு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டுவாங்க.

அந்தப் பத்து நிமிஷம் எங்களோடது.. எனக்கும் செல்விக்கும். என் கிளாஸ்மேட் அவ. ஃபேக்டரி ஆளுங்களுக்குன்னு வரிசையாக் கட்டுன லைன் வீட்டுல இருந்தாங்க.

"கண்ணுகளா, ஃபேன் கிட்டப் போகப்படாது, ஆமா"ன்னு சொல்லிட்டு அப்பா சுவிட்சைப் போடுவாரு. நாங்க ஸ்வெட்டரோட வலை மேல மல்லாக்கப் படுத்துக்குவோம். கீழ இருந்து காத்து தூக்கும். முடியெல்லாம் மேல பறக்கும். ஜன்னல் பூரா வெள்ளையா மிஸ்ட். கண்ணை மூடுனா தண்ணிக்கு அடியில மெதக்கிற மாதிரியே இருக்கும்..

அப்படிப் பொறந்ததுதான் ஆழியூர். லாங் சைஸ் நோட்டுல நாங்க எழுதுன சயின்ஸ் கதை. கடலுக்கு அடியில கண்ணாடி வீடுங்க, மொத்த ஊருக்கும் ஒரே ஒரு இரும்புக் கதவு. செல்வி கேப்டன், நான் இன்ஜினியர். காத்து வர்ற குழாயை ஆக்டோபஸ் வந்து அடைச்சுக்கும். நாங்க முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டு நீந்திப் போய்ப் பிடுங்கி எறிவோம். கடல்பாசியில டீத்தூள் செய்வாங்க அங்க. அதுக்கு விலை விழவே விழாது.

அந்த வருஷம் வாரத்துக்கு ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. அதனால லைன் ஜனங்க அத்தனை பேரையும் பேர் பேரா எழுதி ஆழியூர்ல குடி வெச்சோம். இங்க இருந்து யாரும் போகக் கூடாதுன்னு நான் கண்டிஷனா எழுதுனேன்.

இதுல காமெடி என்னன்னா, நாங்க ரெண்டு பேருமே கடல் பார்த்ததில்ல. எங்களுக்குக் கடல்னா பக்கத்துல இருக்கிற எமரால்டு டேம், கொஞ்சம் பெரிசா. ஆழியூர்ல குழாயைத் திருகுனா கடல் தண்ணி வரும், அப்படியே பிடிச்சுக் குடிப்பாங்க! தண்ணிக்கு அடியிலயும் மிஸ்ட் எறங்கும், எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க. கடல் உப்புன்னு புக்குல படிச்சதெல்லாம் பரீட்சையோட சரி.

கதையைக் கேட்டுச் சிரிச்சது செல்வியோட அப்பாதான். ஃபேக்டரியில அடுப்புக்கு விறகு போடுறவரு. சின்னப் பிள்ளையா சிலோன்ல இருந்து வந்தவரு.

"கடல் தண்ணிய வாயில வைக்க ஏலாது பிள்ளைகளா. நான் கப்பல் ஏறக்குள்ள கரையில நின்டு குடிச்சுப் பார்த்தேன். ஒரே உப்பு"ன்னாரு.

நாங்க மாத்தவே இல்ல. எங்க கடல், எங்க இஷ்டம்.

ஒரு சனிக்கிழமை, ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்போது செல்வி என் காதுகிட்ட வந்து கத்துனா.

"நாளைக்கு நாங்க திருப்பூர் போறோம் கீதா. அப்பா லாரி பேசிட்டாரு."

அப்புறம் அவளே சொன்னா, "கதையில அந்தக் கதவைத் திறந்துரலாமா? கேப்டன் மட்டும் மேல போகட்டும்.."

"திறந்தா தண்ணி உள்ள வந்துரும்! எல்லாரும் செத்துருவாங்க!"ன்னு கத்துனேன். கத்திக்கிட்டு இருக்கும்போதே ஃபேன் நின்னுருச்சு. அந்தப் பெரிய ஹால்ல என் குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சு. அப்பா திரும்பிப் பார்த்தாரு.

மறுநாள் காலையில லாரிகிட்ட செல்வி கையை நீட்டுனா. "நோட்டைக் குடு, முடிச்சு போஸ்ட்ல அனுப்புறேன்."

"போறவளுக்கு எதுக்குக் கதை?"

நான்தான் சொன்னேன். நோட்டு என் ஸ்வெட்டருக்குள்ளதான் இருந்துச்சு. லாரி ரெண்டு வளைவு தெரிஞ்சுது, அப்புறம் மிஸ்ட் மூடிக்கிச்சு. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வார்த்தை நெஞ்சுல உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

அடுத்த வருஷம் ஃபேக்டரியும் பூட்டியாச்சு, நாங்களும் கோயமுத்தூர் வந்துட்டோம். இப்ப அந்த ஃபேக்டரி ரிசார்ட்டாம். என் பொண்ணு கடலுக்கு அடியில இருக்கிற மீனையெல்லாம் படுத்துக்கிட்டே ஃபோன்ல பார்க்கிறா. எங்களுக்கு அதுக்கு ஒரு ஃபேக்டரி ஃபேனும் ஒரு சனிக்கிழமையும் வேண்டியிருந்துச்சு..

போன மாசம் ராமேஸ்வரம் போனோம். பொண்ணு அலையில ஆடிக்கிட்டு இருந்தா, நான் யாரும் பார்க்காதப்ப ஒரு கை மொண்டு வாயில வெச்சேன். துப்பிட்டு சிரிச்சேன். அப்புறம் அழுகை வந்துருச்சு.

ஊருக்கு வந்ததும் ஸ்கூல் வாட்ஸப் குரூப்ல தேடி செல்வி நம்பரைப் பிடிச்சேன். திருப்பூர்லதான் இருக்கா, சூப்பர்வைசர். நோட்டுப் பக்கம் பூரா ஃபோட்டோ எடுத்து அனுப்பி, "மன்னிச்சுக்கோடி. கடைசிப் பக்கம் இன்னும் காலியா இருக்கு, நீயே முடி"ன்னு போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் நோட். பின்னால தையல் மெஷின் சத்தம்..

"கதவைத் திறந்துட்டோம்ல கீதா.. யாரும் சாகல. அப்படியே எழுதிரு."

எழுதுனேன். அதே நோட்டு, பழுப்பேறுன பக்கம். 'கேப்டன் கதவைத் திறந்தாள். யாரும் சாகவில்லை.' ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன்.

உடனே பதில் வந்துச்சு.

"கீழ ஒரு வரி சேர்த்துக்கோ.. தண்ணி உப்புதான்."