சோதனைச் சாவடியில் என் முழங்கால்கள்

எனக்கு ஒன்பது வயதில், எங்கள் வீட்டில் என்னைவிட என் முழங்கால்களுக்குத்தான் மரியாதை அதிகம். மூட்டுவாதம். காலையில் இரண்டும் வீங்கி மடக்க முடியாமல் நிற்கும், அழுவேன். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். அதை அம்மா ஒருநாளும் நம்பியதில்லை. எருக்கிலையை வாட்டி வைத்து, பழைய சேலைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவார். கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கவும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவார். ஒன்பது வயதுக் கழுதை, இடுப்பில்!

மாதம் ஒருமுறை எங்கள் ஊர் உடப்பிலிருந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சண்டைக் காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் நடந்துபோய் ஏற வேண்டும். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டே கடப்பார். ஒருநாள் அங்கே நின்ற ஆமிக்காரனுக்கு என் கால்கட்டைக் கண்டதும் முகம் மாறியது. உள்ளே என்ன என்று சிங்களத்தில் அதட்டினான். சந்தையில் மீன் விற்றுப் பழகிய அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்று பயத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. என்னை இறக்கிவிடச் சொல்லி, அம்மாவைச் சோதிக்க ஒரு பெண் பொலிஸுடன் தகரக் கொட்டிலுக்குள் அனுப்பினான். துணிக்கட்டை அவனே அவிழ்த்தான். வாடிய இலைகள்தான் விழுந்தன. வெட்கப்பட்டவன்போல, போ என்று பஸ்ஸைக் காட்டினான்.

நடந்தேன். துவக்கோடு ஒருத்தன் நிற்கும்போது வேறென்ன செய்வது? முதலில் கால் விறைத்தது, அவ்வளவுதான். பஸ்ஸடிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோகவில்லை. கொஞ்சமும் நோகவில்லை.

கொட்டிலை விட்டு அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார்.

"ஐயோ, நடந்தா வந்த? நோகுதா புள்ள?"

"இல்லம்மா."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. தார் ரோட்டிலேயே குந்தி, இரண்டு முழங்கால்களையும் பொத்திப் பிடித்தார்.

"அம்மாட்ட மறைக்காத. நோகும். எனக்குத் தெரியும்."

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக நான் நடிக்கவில்லை. முழங்காலுக்குள் நோவு கிளம்பியது. காலையில் வரும் அதே நோவு. எனக்குப் பயம் பிடித்தது.

"ஓம்மா, நோகுது" என்று அழுதபடி கைகளை நீட்டினேன். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.