மதகடியில் அடிக்கும் ஹோர்ன்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு மூன்று பயணம். இவர், என் புருஷன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறார். பள்ளிக்கூடம் பூட்டினால்தான் வான் எங்களுக்குக் கிடைக்கும். அதனால் சித்திரையில் ஒன்று, ஆவணியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. ஊரில் மற்றவர்கள் காரைநகர், கீரிமலை, காங்கேசன்துறை என்று போய், சனத்துக்குள் சனமாக நின்று படம் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அந்த நெரிசல் ஒத்துவராது. நாங்கள் நெல்லியடியிலிருந்து கொடிகாமம் போய், பளை தாண்டி, வடமராட்சி கிழக்குக் கரைக்கு இறங்குவோம். செம்பியன்பற்றும் அதற்கு அப்பால் கொஞ்சத் தூரமும். யாழ்ப்பாணத்துக்காரரே அது எந்தப் பக்கம் என்று கேட்கிற இடம்.

ஒரே கரைதான், ஆனால் காலத்துக்குக் காலம் வேறு. சித்திரையில் மணல் கால் வைக்க விடாது, கடல் அசையாமல் கிடக்கும், கரைவலை இழுக்கிற ஆட்களின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். ஆவணியில் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சோற்றுப் பார்சலைத் திறந்தால் ஒவ்வொரு வாயிலும் மண் நறநறக்கும். மார்கழியில் பாதி வீதி வெள்ளத்துக்குள் போயிருக்கும், மணல் இறுகி நடக்கச் சுகமாக இருக்கும், கடல் மட்டும் கிட்டப் போக விடாது. எனக்குப் பிடித்தது மார்கழி.

அந்தக் கரையைப் பற்றி எங்களுக்குச் சொன்னது அத்தான், என் அக்காவின் புருஷன். கரைவலைக் காலத்தில் அங்கே வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டு, வேறு மூன்று பேரோடு தங்கித் தொழில் செய்தவர். ஒரு வைகாசியில் வள்ளம் கவிழ்ந்து, மூன்றாம் நாள் அதே கரையில் ஒதுங்கினார். அவரோடு தொழில் செய்தவர்கள் இன்றைக்கும் அங்கேதான். நாங்கள் போனால் வாடி நிழலில் பாய் விரித்துத் தருவார்கள், துடிக்கத் துடிக்க மீன் தருவார்கள். செத்தவரின் மச்சாள் குடும்பம் என்று எங்களுக்கு அவ்வளவு மரியாதை.

அக்கா மட்டும் அந்தக் கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. அத்தான் இருக்கும்போது வாடிக்குப் பெண்களைக் கூட்டிப் போவதில்லை. செத்தபின் பெட்டிக்குள் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் ஒதுங்கிய இடத்தை ஒருதரம் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. வேறு எதையும் அவள் எங்களிடம் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கிற வீடு அக்காவின் சீதன வீடு. பிள்ளைகுட்டி இல்லாதவள், தனியாக இருக்கிறாளே என்று வந்து சேர்ந்ததாக ஊருக்குச் சொன்னோம். உண்மையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. இதை மறைத்தால் நான் நல்லவளாகத் தெரிவேன். அதற்காகவா இதை எழுதுகிறேன்?

எங்கள் பக்கத்தில், ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிர்ப்படுகிற முதல் முகத்தை முழிவியளம் என்பார்கள். சுமங்கலி தண்ணீர்க் குடத்தோடு வந்தால் நல்லது. புருஷனை இழந்தவள் வந்தால் போகிற காரியம் துலங்காது. கடற்கரைச் சனம் இதை இன்னும் கடுமையாகப் பார்க்கும். நாங்களும் கடற்கரைச் சனம்தான், வான் ஓடினாலும்.

முதல் பயணம் ஒரு சித்திரையில். மகளுக்கு அப்போது ஏழு வயது. அக்கா விடிய எழும்பிக் கட்டுச்சோறு கட்டித் தந்தாள். நாங்கள் ஏறி உட்கார்ந்தபின் தேத்தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டோம் என்று கண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு ஓடி வந்தாள். நாங்கள் கண்ட முதல் முகம் அவளுடையது. போகிற வழியில், வரணியில், முன் ரயர் வெடித்து வான் வயலுக்குள் இறங்கியது. மகளுக்கு வாய்க்குக் கீழே நாடி கிழிந்து மூன்று தையல் போட்டார்கள்.

அந்த ரயர் மொட்டையாகிப் பல மாதம். மாற்றுங்கோ, மாற்றுங்கோ என்று இவரை நச்சரித்ததே நான்தான். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு மறந்துபோயிற்று. வீட்டில் வந்து இறங்கியதும் அக்கா பதறிக்கொண்டு பிள்ளையைத் தூக்க வந்தாள்.

"நீ ஏன் படலைக்கு வந்தனீ?" என்றேன்.

அதுவரை அவளை நீங்கள் என்றுதான் கதைத்திருக்கிறேன். நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். இவர் ரயரைப் பற்றி ஏதோ சொல்ல வாய் எடுத்தார், நான் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். எனக்கு வாயும் கூடுதல், கண்ணும் கூடுதல்.

அடுத்த ஆவணியிலிருந்து ஒரு ஒழுங்கு வந்தது. பக்கத்து வீட்டு மாமி செம்பில் தண்ணீரோடு படலையடியில் எதிரே வருவார். அக்கா சமையலை முடித்து, பார்சல்களை விறாந்தையில் வைத்துவிட்டு, பின்வளவு விறகுக் கொட்டிலுக்குள் போய் நிற்பாள். அவளுடைய குரலும் கேட்கக்கூடாது. வீட்டுக்கு முன்னால் போகிற குறுகிய ஒழுங்கை முடிந்து மதகடியில் திரும்பும்போது இவர் ஒரு ஹோர்ன் அடிப்பார். அது கேட்டால் அக்கா வெளியே வரலாம். அந்த ஹோர்ன் யோசனை என்னுடையது. பாவம், எவ்வளவு நேரமென்று கொட்டிலுக்குள் நிற்பது என்று இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். என் இரக்கம் அந்த அளவில் இருந்தது.

பயணம் முடிந்து நாங்கள் வந்தால், வானுக்குள் கொட்டிய மணலைக் கூட்டுகிறவளும் அக்காதான். கூட்டிக்கொண்டே கேட்பாள். வாடி கடலுக்கு எவ்வளவு தூரம்? மரம் ஏதும் நிற்கிறதா? அவரோடு தொழில் செய்தவர்கள் ஏதும் சொன்னார்களா? வெயிலில் காய்ந்து வந்த எனக்குச் சினமாக இருக்கும். கடல் கடல் மாதிரித்தான் கிடக்குது என்பேன்.

நாலாம் வருஷம், மார்கழிப் பயணத்துக்கு முதல்நாள், மீன் பொரித்துக்கொண்டிருந்தவள் சட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்தமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். கடைசி சீற்றிலை இருக்கிறன். இறங்கக்கூட மாட்டன்."

"கடைசி சீற்றும் வானுக்குள்ளைதானே அக்கா இருக்கு," என்றேன்.

பகிடி என்று நினைத்து மகள் சிரித்தாள். மகள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்துவிட்டு மீனைப் புரட்டினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மகளுக்குப் பதின்மூன்று வயதான வருஷம், ஆவணி. எல்லாம் வழக்கம்போல் நடந்தது. மாமி செம்போடு வந்து போனார், சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று, வான் இயங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, அடுத்த தவணைக்குத் தன் பிள்ளையை வானில் சேர்க்க வேண்டுமென்று ஒருவர் ஒழுங்கைக்குள் வந்துவிட்டார். இவர் ஆரோடும் முகம் முறிக்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஏழெட்டு நிமிஷம் கதைத்தார். நான் பின்னாலிருந்து பொருமிக்கொண்டிருந்தேன். சோளகம் ஏறமுதல் போய்ச் சேரவேண்டுமே என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய கவலை.

அந்த ஏழெட்டு நிமிஷமும் அக்கா விறகுக் கொட்டிலுக்குள் நின்றாள், காலில் பாம்புக் கடியோடு. கண்ணாடிப் புடையன். தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலோடு ஒட்டி நின்றிருக்கிறாள், கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டது. அது ஊர்ந்து வேலிக்குள் போனதையும் கண்டிருக்கிறாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு வீடுதான். வான் இயங்குகிற சத்தமும், இவர் கதைக்கிற சத்தமும் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாளாம்.

மதகடியில் இவர் ஹோர்ன் அடித்தார். அதற்குப் பிறகுதான் அக்கா போனை எடுத்தாள்.

என் போன் அடித்தது. பார்த்தேன், அக்கா. வெளிக்கிட்டுப் போகிற ஆட்களைப் பின்னால் கூப்பிடக்கூடாது, அது முழிவியளத்தை விடக் கூடாத காரியம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவளுக்கு இது தெரியாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கட் பண்ணினேன். திரும்பவும் அடித்தது. கறிக்கு உப்புப் போட மறந்துபோனாவாக்கும் என்றேன். மகளும் இவரும் சிரித்தார்கள். போனை நிற்பாட்டிப் பைக்குள் போட்டேன். விடுமுறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மார் எடுத்துத் தொல்லை கொடுப்பார்கள் என்று இவர் தன் போனை எப்போதும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்.

அன்றைக்கு நல்ல பயணம். காற்றுக்கூடக் குறைவு. கறிக்கு உப்பு அளவாக இருந்தது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தால் படலையடியில் மாமி நிற்கிறார். அக்கா தானே நொண்டிக்கொண்டு வந்து மாமியின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். மாமி ஓட்டோ பிடித்து ஏற்றி, ஆஸ்பத்திரியில் விட்டு, அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "எத்தனை தரம் போன் எடுத்தனான் பிள்ளை," என்றார் மாமி. காலையில் செம்போடு வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

மூன்றாம் நாள்தான் அக்காவோடு கதைக்க முடிந்தது. முகம் வீங்கி ஆளே மாறிப்போயிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேறொன்றும் வராத இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

"கத்தியிருக்கலாமே அக்கா. வாசலிலைதானே நிண்டனாங்கள்."

"ஹோர்ன் கேக்கேல்லையே," என்றாள்.

நான் விளங்காமல் நிற்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்.

"கத்தியிருந்தா நீங்கள் இறங்கி வந்து என்னைப் பாத்திருப்பியள். பிள்ளையும் வானுக்குள்ளை. பிறகு வழியிலை ஏதும் எண்டா, ஆரின்ரை தலையிலை வரும்?"

போனைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எனக்கு அது லேசு.

விஷம் இறங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழையபடி வேலைக்குத் திரும்பவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். இவர் பள்ளிக்கூட ஓட்டத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அக்காவை ஏற்றத் தொடங்கினார். அப்படித்தான் அக்கா எங்கள் வானில் ஏறினாள். கடைசி சீற்றில் இல்லை, முன் சீற்றில். நான் பின்னால்.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்வந்தோம். வழியிலிருக்கிற வல்லை வெளியை எல்லாக் காலத்திலும் பார்த்தோம். மாரியில் இருபக்கமும் தண்ணீர், பறவைகள். பங்குனியில் வெடித்த நிலம். சோளகத்தில் வானை ஒருபக்கம் தள்ளுகிற காற்று. போகும்போது அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போவாள், வரும்போது நித்திரையாகிவிடுவாள். காலையில் வான் படலையைத் தாண்டும்போது மட்டும், ஒழுங்கையில் ஆராவது சைக்கிளில் எதிரே வந்தால், சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வாள். அவர்கள் வேலைக்குப் போகிறார்களாம். நான் ஒருநாளும் அந்தத் தலைப்பை இழுத்துவிடவில்லை.

இரண்டாவது சித்திரை வந்தது. ஆஸ்பத்திரியால் திரும்பி நெல்லியடிச் சந்திக்கு வருகிறோம். கொடிகாமம் வீதிக்கு நேரே திருப்பினால் ஒரு மணித்தியாலத்தில் அந்தக் கரை. அக்கா அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கேட்டேன்.

"அக்கா, இப்பிடியே செம்பியன்பற்றுக்குப் போட்டு வருவமே?"

அவள் சிரமப்பட்டுத் திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"இப்ப கரைவலைக் காலமெல்லே," என்றாள். "நான் போய் அங்கை நிண்டு, வலை வெறுமையா வந்தா, பாவம், அந்தச் சனத்தின்ரை வயித்திலை அடிச்சதாப் போகும். வேண்டாம். வீட்டை விடுங்கோ."

இவர் இன்னும் வானைத் திருப்பாமல் வைத்திருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். "சரி, அக்காவுக்குக் களைப்பு, வீட்டை விடுங்கோ," என்றேன்.

ஆடி பிறக்க முதல் அக்கா செத்துவிட்டாள். இன்னொருதரம் கேட்டிருந்தால் அன்றைக்கு வந்திருப்பாள். நான் கேட்டது ஒரே ஒருதரம். அதையும், வாடிக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள், பிறகு பாய் விரித்துத் தருவார்களா என்று யோசித்துக்கொண்டு, இவள் மாட்டேன் என்று சொல்லிவிடவேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டபடிதான் கேட்டேன். அக்கா திரும்பி என் முகத்தில் பார்த்தது அதைத்தான். பார்த்துவிட்டு, எனக்கு வேண்டிய பதிலை எனக்குத் தந்தாள்.