ஏழு பேருக்கு ஒரு லாக்

எங்கள் பேருந்து முன்பதிவு அலுவலகத்தில் அவனுக்கு 'இணைப்பு' என்று பெயர். அவன் அனுப்பும் மெயிலில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். ஒரு மகராசனும் பார்த்ததில்லை.

சர்வர் அறை அவன் பொறுப்பு. கழிப்பறைக்கு அடுத்து, முன்பு துடைப்பம் வைத்திருந்த இடம். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடிப்பான்: லாக் கோப்பின் பெயர், ஏழு அதிகாரிகளின் முகவரி, என்டர். சர்வர் என்ன செய்தது, எங்கே முனகியது, எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். ஆரம்பத்தில் கோளாறான வரிகளை மட்டும் எடுத்து மெயிலிலேயே எழுதி அனுப்பினான். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

"நாலு வரி அனுப்பினா நாலு வரி வேலைதான் பாக்குறோம்னு ஆயிடும். மொத்த லாக்கையும் இணைச்சு அனுப்புய்யா. கனமா இருக்கணும்."

கனத்துக்கு என்ன குறைச்சல்? முதல் நாளிலிருந்து சேர்ந்த லாக், தினம் ஏழு பிரதி. அதிகாரிகளின் மெயில் பெட்டிகளும் அதே சர்வரில்தான். டிஸ்க் நிரம்புகிறது என்று லாக் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை ஏழு பேருக்கும் அனுப்பியதில் டிஸ்க் இன்னும் நிரம்பியது.

இணைப்பு பதறிக்கொண்டு மேலாளரிடம் ஓடினான். "சார், பழைய மெயிலையெல்லாம் அழிச்சிடலாமா?"

"ஆதாரத்தை அழிக்கச் சொல்றியா? எதுவா இருந்தாலும் இணைச்சு அனுப்பு."

அனுப்பினான். வாய் திறக்க முடியுமா? ஒப்பந்த ஆள். வேலை நிரந்தரமானால்தான் அலுவலகக் குடியிருப்பில் வீடு. அதுவரை மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு பீரோவைக் குறுக்கே நிறுத்தி அந்தப் பக்கம் குடித்தனம். பாவம், பெண்டாட்டியோடு சண்டை போடுவதென்றாலும் கிசுகிசுத்துத்தான் போட வேண்டும்.

விடுமுறைக் கூட்டம் டிக்கெட்டுக்கு முட்டி மோதிய ஒரு காலையில் சர்வர் படுத்துவிட்டது. இயக்குநரே இறங்கி வந்தார்.

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"தினமும் சொன்னேன் சார். இணைப்புல."

இயக்குநர் ஏழு பேரையும் பார்த்தார். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். மேலாளர்தான் தொண்டையைச் செருமினார். "படிக்கன்னு தனியா ஒரு ஆள் இல்ல சார், அதான் குறை."

இணைப்பு பழைய மெயில்களை அழித்தான், சர்வர் எழுந்து உட்கார்ந்தது. குறையும் தீர்ந்தது. லாக் படிக்க ஒரு நிரந்தரப் பதவி, வீட்டோடு சேர்த்து, உருவானது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! பதவி மேலாளரின் மைத்துனருக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் குத்தினேன், கைதான் வீங்கியது.

அன்று மாலை இணைப்பை அவன் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாளாம். "வீடு நமக்குத்தானேங்க?"

"இல்ல. லாக் படிக்க வர்றவருக்கு."

"அவராவது படிப்பாரா?"

"படிப்பார். இணைப்பை எப்படித் திறக்கிறதுன்னு நாளைக்கு நான்தான் சொல்லிக்குடுக்கணும்."