உட்கார இடம் இல்லாத கடைக்கு ஒரு மார்க்

ஒன்பது வருஷம் சாப்பிட்டுச் சம்பளம் வாங்கினவன் நான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து ஹோட்டல்களிலும் பார்சல் கடைகளிலும் சாப்பிட்டுப் பார்த்து, எங்கள் கம்பெனியின் ஆப்பில் எது நன்றாக இருக்கிறது என்று போட வேண்டும். ஃபீல்டு ரிவ்யூ என்று பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம், "சார், எந்தக் கடை பெஸ்ட்டு, அதைச் சொல்லுங்க" என்கிறார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு கேவலத்தைச் சொல்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜன்னல்

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன வீடு. அதன் முன்பக்க ஜன்னல்தான் கடை. நடத்தியவர் தேவகி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மதியம் மட்டும் வியாபாரம். சோறு, மீன் குழம்பு, சுறாப்புட்டு. எல்லாம் பார்சல். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ரயில்வே ஷெட் ஆட்கள். மீதிப் பாதி புதிதாக வந்த ஃப்ளாட் குடும்பங்கள். அவர்கள் ஆப்பைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள்.

நான் போன அன்று பார்சலை என் ஸ்கூட்டர் சீட்டின்மேல் பிரித்து வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். சுறாப்புட்டு உதிரியாக இருந்தது, ஆனால் தொண்டையை அடைக்கவில்லை. குழம்பில் புளி முந்தவில்லை. இரண்டாவது பொட்டலமும் கேட்டு வாங்கினேன். உள்ளே போய் அடுப்படியையும் பார்த்தேன். பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது, தண்ணீர் டிரம்மில் மூடி இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனி கேன்டீன்ல தட்டு கய்வுனேன் சார். ஏழு வருசம். சமைக்கிறேன்னு கேட்டாலும் அடுப்பாண்ட வுட மாட்டானுங்க. இன்னொருக்கா அந்த கேட்டுக்குள்ள காலு வெக்கக்கூடாது. அதுக்கோசரம்தான் இந்த ஜன்னலு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கொடுத்த பொட்டலத்தில் ஒரு துண்டு மீன் கூடுதலாக இருந்தது.

ஃபார்ம்

கம்பெனி கொடுத்த போனில் நிரப்பும் எங்கள் ஃபார்மில் ஐந்து கட்டங்கள். ருசி, சுத்தம், உட்காரும் வசதி, ஏசி, பார்க்கிங். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். ருசிக்கு ஐந்து போட்டேன். சுத்தத்துக்கு ஐந்து. மற்ற மூன்றையும் காலியாக விட்டேன், ஏனென்றால் ஜன்னலில் யாரும் உட்கார முடியாது. ஃபார்ம் போகவில்லை. காலிக் கட்டம் மூன்றும் சிவப்பாகிவிட்டன.

அடுத்து ஆவடியில் ஒரு கடை பாக்கி. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றிலும் ஒன்று போட்டு அனுப்பிவிட்டேன். கீழே நான்கு வரி புகழ்ந்து எழுதியிருந்தேன், ஜனங்கள் படிப்பார்கள் என்று நினைத்தேன். எவன் படிக்கிறான்? சராசரி ஐந்துக்கு 2.6 என்று ஆரஞ்சு கலரில் வந்தது. மூன்றுக்குக் கீழே போகிற கடையை ஆப் முதல் பக்கத்தில் காட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் வேறு ஒரு கடைக்காக அந்தப் பக்கம் போனேன். தேவகி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே தெருவுக்கு வந்தார்.

"நில்லு சார். இன்னா எய்தி வெச்சிகீறே நீ? ஃப்ளாட்டுல ஒரு பொண்ணு காட்டுச்சு. ஒக்கார எடம் ஒண்ணு, ஏசி ஒண்ணுன்னு. நான் எப்போ சார் உன்ன ஒக்காரச் சொன்னேன்? ரெண்டு பொட்டலம் துன்னியே, அப்போ ஏசி கேட்டியா?"

"ஃபார்ம்ல காலியா விட முடியாதும்மா."

"அப்போ அனுப்பாம வுட வேண்டிதானே?"

நழுவப் பார்க்கிறவன் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். "ஆபீஸ்ல பேசறேன்" என்றேன்.

ஆபீஸ்

மேனேஜர் பிரவீண் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், பார்சல் கடைக்குன்னு தனி ஃபார்ம் கிடையாது. சிஸ்டம் அப்படித்தான்."

"அப்ப சிஸ்டத்தை மாத்துங்க."

"அது பெங்களூர் டீம் சார். நாம தொட முடியாது. ஒண்ணு பண்ணுங்க, அவங்களை ஒரு டேபிள், ரெண்டு சேர் போடச் சொல்லுங்க. அடுத்த வருஷம் ரீ-ரிவ்யூ பண்ணிடலாம்."

"எங்க போடறது, ஜன்னல் கம்பி மேலயா? அடுத்த வருஷம் வரைக்கும் அந்தம்மா என்ன பண்ணுவாங்க?"

"டென்ஷன் ஆகாதீங்க சார். ஒரு கடைக்கு வருஷத்துக்கு ஒரு ரிவ்யூதான். ரூல் உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். அதுதான் வயிற்றெரிச்சல். தேவகிக்கு முன்னால் எத்தனை ஜன்னல், எத்தனை தள்ளுவண்டிக்கு இதே மாதிரி ஒன்று ஒன்று ஒன்று என்று தட்டிவிட்டுப் போயிருப்பேன்? அவர்கள் யாரும் கரண்டியோடு வந்து கேட்கவில்லை, அதனால் நானும் யோசிக்கவில்லை. பிரவீணைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்த ஒன்றைத் தட்டிய விரல் பிரவீணுடையது இல்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனூர் போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். "ஷெட்டு ஆளுங்கள மட்டும் வெச்சிகினு எத்தினி நாளு ஓட்டுறது? வேலைக்குப் பூடுச்சு" என்றார்கள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேன்டீன்

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி கேன்டீன்களையும் ஆப்பில் சேர்த்தார்கள். என்னை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய ஹால், ஸ்டீல் டேபிள், சிலுசிலுவென்று ஏசி. வண்டி நிறுத்த ஷெட் போட்டிருந்தார்கள். மீன் குழம்பு என்று ஒன்று ஊற்றினார்கள். சுடுதண்ணீரில் மிளகாய்த்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தேன். அதை எடுக்க ஒரு கை வந்தது. நிமிர்ந்தால் தேவகி. நீலக் கலர் ஏப்ரன் கட்டியிருந்தார்.

"ஒக்காரு சார், ஏன் எய்ந்துக்கிறே? இங்க ஒக்கார எடம் கீது. ஏசி கீது. வண்டி வுட எடம் கீது. நல்லா அஞ்சஞ்சா போடு."

குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்குத் தெருவில் கத்தினதே தேவலை என்று இருந்தது.

"சமையல்ல சேர்த்துக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அதே கேட்டு, அதே தட்டுதான் சார்." மிச்சக் குழம்பை வாளியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஃபார்மைத் திறந்தேன். ருசிக்கு ஒன்று. சுத்தத்துக்கு ஐந்து, பொய் சொல்லவில்லை, தட்டுகள் பளிச்சென்று இருந்தன. உட்காரும் வசதி ஐந்து, ஏசி ஐந்து, பார்க்கிங் ஐந்து. 4.2 என்று பச்சைக் கலரில் வந்தது. அதற்குக் கீழே, 'பரிந்துரைக்கப்படுகிறது'.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைச் சாம்பார் அண்டாவில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஃபார்மை அனுப்பாமல் அழித்தேன். மறுநாள் போனை பிரவீண் மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை என்றால் ஃபார்மையே அனுப்பாதீர்கள். வேலையை விட்டதற்காக என்னைப் பெரிய மனுஷன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அனுப்பாமல் விட்டது கேன்டீன் ஃபார்மை. அனுப்பாமல் விட்டிருக்க வேண்டியது தேவகியின் ஃபார்மை.